பாலும் ஹாலும்

உகாண்டா என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது பெரும்பாலும் ஒரே செய்திதான். 1972-ஆம் ஆண்டில் இடி அமீன் அந்நாட்டிலிருந்த இந்திய வமிசத்தாரை உடைமைகளை விட்டுவிட்டு வெளியேறச் செய்தார் என்பதே அது. அதே அமீன் மறு ஆண்டில் சுவாஹிலி மொழியை உகாண்டாவின் தேசிய மொழியாக அறிவித்தார் என்பதைப் பலர் அறியார். அறிவிப்பு அறிவிப்பாகவே நின்றுபோயிற்று. படைவீரரும் காவலரும் பேசும் மொழி என்ற பெயரே அங்குச் சுவாஹிலிக்கு இருந்தது. படைவீரரைக் கண்டு நடுங்கிய மக்கள் அவர்தம் மொழியையும் வெறுத்ததில் வியப்பில்லை. அதற்கு முன்பே, 1920-களின் இறுதியில் ஆங்கில ஆளுநர் கவர்ஸ் சுவாஹிலியைப் பள்ளிகளில் பரப்ப முற்பட்டபோது, புகாண்டா நாட்டு மன்னர் டௌடி ச்வா அதனை வெளிப்படையாக எதிர்த்திருந்தார். தம் மக்களின் லுகாண்டா மொழி பின்தள்ளப்படும் என்பது அவருடைய அச்சம்.

இத்தகைய நாட்டில்தான் 2005-இல் சுவாஹிலி இரண்டாம் ஆட்சிமொழியாக அரசியலமைப்பில் இடம்பெற்றது. 2020-இல் வந்த புதிய பாடத்திட்டம் உயர்நிலைப் பள்ளியின் முதல் இரண்டு வகுப்புகளில் அதனைக் கட்டாயப் பாடமாக்கிற்று. 2022-இல் தொடக்கப் பள்ளிக்கும் அதனை விரிவாக்க அமைச்சரவை முடிவு செய்தது. வீட்டில் ஒரு மொழி, பாடங்களுக்கு ஆங்கிலம் என்று வளர்ந்த பதின்மூன்று வயதுப் பிள்ளை, மூன்றாவதாக ஒரு மொழியை எழுத்தறிந்து கற்கத் தொடங்குகிறது.

இவ்வளவு தொலைவிலுள்ள நாட்டின் பள்ளிப்பாடம் பெங்களூர்த் தமிழர்க்கு எதற்கு என அன்பர்கள் கேட்கலாம். அச்செய்தியைப் படித்த நாளில் எனக்கு நினைவுக்கு வந்தது உகாண்டாவன்று. 1993-ஆம் ஆண்டு ஜூன் மாதம், தமிழ்நாட்டிலிருந்து வந்து இந்நகரத்துப் பள்ளியொன்றில் எட்டாம் வகுப்பில் சேர்ந்து, கன்னடப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேனோ நேராகப் பிடித்திருக்கிறேனோ என்று தெரியாமல் அமர்ந்திருந்த ஒரு சிறுவனே நினைவுக்கு வந்தான். அச்சிறுவன் நான். என்னைப் போன்றார் ஒவ்வோராண்டும் இந்நகருக்கு வந்துகொண்டே இருக்கின்றனர். எனவே இந்நகரத்து மொழிப்பாடத்தின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது பயனுடையது எனக் கருதுகிறேன்.

ஆங்கிலேயர் 1799-இல் சீரங்கப்பட்டணத்தை வென்றபின் படைகளை அங்கே நிறுத்தினர். அவ்வூரின் காய்ச்சல் தாங்காமல் பெங்களூருக்கு மாற்றினர். 1809-இல் அல்சூரை ஒட்டித் தண்டுப் பகுதி உருவாயிற்று. வந்தது சென்னை இராணுவமாதலால், அதனுடன் தமிழ்நாட்டுச் சிப்பாய்களும், அவர்க்குப் பண்டம் விற்போரும், கொத்தரும், தச்சரும், சமையற்காரரும், தோட்டக்காரரும் வந்தனர். சிவாஜிநகரில் இன்றும் விளங்கும் தண்டு மாரியம்மன் கோயிலின் பெயரே இவ்வரலாற்றுக்குச் சான்று. 1881-இல் மைசூர் நாடு உடையார் மரபினரிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டபோதும் தண்டுப் பகுதி மட்டும் ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது. 1947-இல்தான் அது மைசூருடன் சேர்ந்தது. 1949-இல் பழைய நகரமும் தண்டும் ஒரே மாநகராட்சியாயின.

ஆகவே ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகள் இவ்வூர் இரண்டு ஊர்களாக இருந்தது. மேற்கே பேட்டையில் கன்னடம் வழங்கியது. கிழக்கே தண்டில் தமிழும் உருதுவும் தெலுங்கும் தெருமொழிகள், ஆங்கிலம் ஆட்சிமொழி. தண்டில் பிறந்து வளர்ந்து மறைந்த தமிழர் ஒருவர்க்குக் கன்னட எழுத்தைக் கற்க வேண்டிய தேவையே எழாமற் போயிருக்கக் கூடும். ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் 1873-இல் தண்டில் இலவசப் பள்ளியைத் தொடங்கியபோது ஏழை மக்களுக்குக் கல்வி என்பதே பெரும் புரட்சியாக இருந்தது. எம்மொழி முதன்மொழி என்ற வினா அக்காலத்தில் எவர் உள்ளத்திலும் இருந்திராது. 1956 நவம்பர் முதல் நாளில் கன்னடம் பேசும் பகுதிகள் ஒன்றாகி மாநிலமான பிறகே அவ்வினா பிறந்தது. தண்டுத் தமிழர் வீட்டைவிட்டு எங்கும் சென்றாரில்லை. இருந்த இடத்திலேயே அவர் மொழிச் சிறுபான்மையினர் ஆயினர்.

1968-இல் நடுவண் அரசின் கல்விக் கொள்கை மும்மொழித் திட்டத்தை ஏற்றது. அதே ஆண்டு சனவரியில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையே தனது வழி எனத் தீர்மானித்திருந்தது. இவ்விரண்டின் நியாயங்களை ஆராய்வது இங்கு நோக்கமன்று. ஆனால் மாற்றலாகிவரும் அலுவலர் குடும்பங்களுக்கு இதனால் விளைந்தது எளிதில் விளங்கும். தமிழும் ஆங்கிலமும் மட்டும் படித்த பிள்ளை, எல்லை தாண்டியதும், ஒத்த வயதுப் பிள்ளைகள் பல ஆண்டுகளாகப் படித்துவரும் இரு மொழிகளை எதிர்கொள்ள நேர்ந்தது.

கருநாடகத்தில் உயர்நிலைப் பள்ளியின் மொழிப்பாடம் மூன்று படிகளாக அமைந்தது: முதன்மொழி, இரண்டாம் மொழி, மூன்றாம் மொழி. பத்தாம் வகுப்புத் தேர்வில் முதன்மொழிக்கு 125 மதிப்பெண், மற்றவற்றுக்கு நூறு நூறு என்பது நெடுங்காலம் நிலவிய கணக்கு. இந்த இருபத்தைந்து மதிப்பெண் வேறுபாட்டைச் சிறியதென்று எண்ணலாகாது. 1970-களில் பல பெற்றோர், கன்னடர் உட்பட, சமஸ்கிருதத்தை முதன்மொழியாகத் தேர்ந்தனர். காளிதாசன்மீது எழுந்த திடீர்க் காதல் இதற்குக் காரணமன்று. சமஸ்கிருதத் தாளுக்கு விடைகளைக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதலாம், மதிப்பெண் எளிதிற் கிடைக்கும் என்பதே காரணம். கன்னட நாட்டில் கன்னடமே படியாமல் ஒரு மாணவன் பள்ளியை முடித்துவிடலாம் என்ற நிலை இவ்வாறு வந்தது. கன்னட எழுத்தாளர் மனம் புண்பட்டதை நாம் குறைகூற இயலாது. தமிழ்நாட்டில் தமிழ் படியாமல் பள்ளி முடிக்கலாம் என்றால் நாம் வாளாவிருப்போமா?

சமஸ்கிருதத்தின் இடம் பற்றிய பூசல் முற்றவே, 1980-இல் அரசு கவிஞர் வி. கிருஷ்ண கோகாக் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அவர் ஆங்கிலப் பேராசிரியர். கன்னடக் கவிதையில் புதுநெறி கண்டவர். பின்னாளில் ஞானபீடப் பரிசும் பெற்றார். 1981-இல் வெளிவந்த அறிக்கை, உயர்நிலைப் பள்ளிகளில் கன்னடமே ஒரே முதன்மொழியாக இருத்தல் வேண்டும் என்றும் அதற்கு 150 மதிப்பெண் தருதல் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அரசு தயங்கியது. 1982-இல் நடிகர் ராஜ்குமார் களமிறங்கியதும் கிளர்ச்சி மாநிலமெங்கும் பரவியது. (அவர் பிறந்த காஜனூர் இன்று தமிழ்நாட்டின் ஈரோடு மாவட்டத்தில் உள்ளது. எல்லைக்கோடுகளின் விளையாட்டை என்னென்பது!) அவ்வாண்டு ஜூலையில் கன்னடமே ஒரே முதன்மொழி என அரசாணை பிறந்தது.

மொழிச் சிறுபான்மையினர் நீதிமன்றம் சென்றனர். 1989 சனவரியில் கருநாடக உயர்நீதிமன்றத்தின் முழு ஆயம், தமிழ், தெலுங்கு, உருது, மராத்தி பேசும் பிள்ளைகள் மீதும் கன்னடத்தை ஒரே முதன்மொழியாகச் சுமத்துவது அரசியலமைப்பின் 29, 30 ஆம் பிரிவுகளுக்கு மாறானது எனத் தீர்ப்பளித்தது. கன்னடம் கற்பிப்பதே தவறு என்று மன்றம் சொல்லவில்லை என்பதை நாம் நினைவில் இருத்துதல் வேண்டும். அவ்வாண்டே புதிய ஆணை வந்தது. முதன்மொழியாகத் தமிழையும் கொள்ளலாம் என்ற நிலை மீண்டது. 1993 திசம்பரில் உச்சநீதிமன்றமும் அவ்வாணையை ஏற்றது. நான் எட்டாம் வகுப்பில் தமிழை முதன்மொழியாகவும் ஆங்கிலத்தை இரண்டாவதாகவும் கன்னடத்தை மூன்றாவதாகவும் கொண்டது இந்த உரிமையினால்தான்.

இடையில் 1991 திசம்பரில் காவிரித் தீர்ப்பாயத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி நிகழ்ந்த கலவரத்தை இந்நகரத்தின் பழைய தமிழ்க் குடும்பங்கள் மறந்திரா. பேருந்தில் குழந்தை தமிழில் பேசினால் தாய் அதன் வாயைப் பொத்திய காலம் அது. அவ்வச்சம் வளர்ந்த சூழலில் எந்தப் பிள்ளை எந்த மொழியை விரும்பிக் கற்கும்? படைவீரரின் மொழி என்று உகாண்டா மக்கள் சுவாஹிலியைக் கண்டு ஒதுங்கியதை முன்னர்க் குறித்தேன்.

வழக்கில் வென்ற உரிமையை நாம் என்ன செய்தோம் என்பதே என்னை உறுத்தும் வினா. தமிழை முதன்மொழியாகக் கொள்ளலாம் என்று மன்றம் சொல்லிற்று. நம் வீடுகளோ ஆங்கிலத்தை முதன்மொழியாகக் கொண்டன. நான் படித்த தமிழ்ப் பிரிவு இன்று இல்லை. அதனை எந்த அரசும் மூடவில்லை. சேர்க்கப் பிள்ளையின்றி அது தானே ஒடுங்கிற்று. கன்னடத்தை முதலாகவும் ஆங்கிலத்தை இரண்டாவதாகவும் இந்தியை மூன்றாவதாகவும் கொள்ளும் மாணவனுக்குத் தமிழ் நுழைய இடமே இல்லை. ஆங்கிலம், கன்னடம், இந்தி என்று வரிசை மாறினாலும் அப்படியே. நடுவண் அரசுப் பள்ளிகளில் படிக்கும் நம் அலுவலர் பிள்ளைகளின் நிலையும் இதனினும் மேலன்று. 2014-இல் உச்சநீதிமன்றத்தின் அரசியலமைப்பு ஆயம், தாய்மொழியைப் பயிற்றுமொழியாக எவர்மீதும் சுமத்த இயலாது என்று கூறியபோது கன்னட அன்பர்கள் வருந்தினர். அவர்தம் வீட்டுப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஒரே பேருந்தில் ஆங்கிலப் பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்தனர்.

முதலிடம் யார்க்கு, 125 யார்க்கு என்று பத்தாண்டுக்காலம் தெருவிலும் மன்றத்திலும் நடந்த வாதத்தில், தமிழ்ப் பிள்ளைக்குக் கன்னடத்தை எவ்வாறு கற்பிப்பது என்ற பேச்சு மிக அரிதாகவே எழுந்தது. எனக்குக் கற்பித்த ஆசிரியர் நல்லவர். ஆயினும் கன்னடம் அறிந்த பிள்ளைகளுக்கு நடத்தும் பாடத்தையே எங்களுக்கும் நடத்தினார். முதல் நாளிலேயே செய்யுள். இரு மாதம் ஒன்றும் விளங்காமல் எழுத்துகளைப் படம்போல் பார்த்தெழுதினேன். எனக்கு உண்மையில் கன்னடத்தின் கதவைத் திறந்துவிட்டவர் எங்கள் தெருவில் பால் விற்ற ஓர் அம்மையார். விடியற்காலையில் "ஹாலு, ஹாலு" என்று கூவிக்கொண்டு வருவார். ஒருநாள் பாட்டி, "என்னடா இது, பாலுக்கு ஹால் என்கிறாள், பல்லுக்கு ஹல்லு என்கிறாள்; நம்ம சொல்லைத்தான் மூச்சு வாங்கிக்கொண்டு சொல்கிறாள்" என்றார். எழுத்தறியாத பாட்டி சொன்னது மொழிநூலார் கண்ட உண்மை.

பழங்கன்னடத்தில் அச்சொல் 'பால்' என்றே இருந்தது. பத்தாம் நூற்றாண்டில் பம்பன் பாடிய கன்னடத்தைப் பார்த்தால் தமிழர்க்கு அது அயலாகத் தோன்றாது. அதன்பின் வந்த நூற்றாண்டுகளில் சொல்லின் முதலில் நிற்கும் பகரம் பெரும்பாலும் ஹகரமாக மாறிற்று. இவ்வொரு விதியை அறிந்த பிள்ளைக்கு நூற்றுக்கணக்கான சொற்கள் ஒரே நாளில் வசப்படும். புலி ஹுலி, புளி ஹுளி, பத்து ஹத்து, பணம் ஹண, பாட்டு ஹாடு, பழைய என்பது ஹளெய, பள்ளம் ஹள்ள, போ என்பது ஹோகு. அடுத்த விதி, நம் வகரம் அங்கே, 'கம்பு' என்பதில் ஒலிக்கும் மெல்லிய பகரமாக நிற்கும். வா என்பது பா, விரல் பெரளு, வெள்ளி பெள்ளி, வாயில் பாகிலு, வீதி பீதி. 'பீதியில் நிற்காதே' என்று கன்னட நண்பன் எச்சரித்தபோது, அச்சம் எங்கிருந்து வந்தது என்று நான் விழித்ததுண்டு! மூன்றாவது விதியால் நம் செவி அங்கே கிவி ஆகும். பழங்கன்னடத்தில் ழகரமும் றகரமும் தனி எழுத்துகளாக இருந்தன என்றால் நம் பிள்ளைகள் நம்ப மறுப்பர். இன்று அவை வழக்கில் இல்லை.

இலக்கணமும் அவ்வாறே. எழுவாய் முதலில், பயனிலை ஈற்றில். மரத்துக்கு என்பது மரக்கெ, மனைக்கு என்பது மனெகெ. நாம், நாங்கள் என்ற வேறுபாடு மட்டும் அங்கில்லை. இரண்டுக்கும் 'நாவு' ஒன்றே. தமிழ்ப் பிள்ளை தடுக்கி விழும் இடங்கள் வேறு. தமிழில் ககரம் ஒன்றே பல ஒலிகளைச் சுமக்கிறது. கன்னடத்தில் நான்கு எழுத்துகள் அவற்றைப் பங்கிட்டுக்கொள்கின்றன. புள்ளி வைத்து மெய்யெழுதிப் பழகிய கைக்கு, ஓர் எழுத்தின் அடியில் மற்றோர் எழுத்தைத் தொங்கவிடும் முறை எளிதில் வருவதில்லை. ஆசிரியர் நேரத்தை இங்கே செலவிட வேண்டும். 'நான்', 'நீ', 'கேள்', 'நீர்' ஆகியவற்றை அயன்மொழிச் சொற்கள்போல் பொருளெழுதி மனப்பாடம் செய்வித்தல் வீண் உழைப்பு.

மீண்டும் உகாண்டாவுக்கு ஒருமுறை சென்று வருவோம். சுவாஹிலியில் ஒருமையும் பன்மையும் சொல்லின் தலையில் காட்டப்படும். மனிதன் 'ம்டு', மனிதர் 'வாடு'. தெற்கு உகாண்டாவின் லுகாண்டா மொழியில் இவை 'ஒமுண்டு', 'அபண்டு'. இரண்டும் பாண்டு இனத்து மொழிகளாதலின் உறவு வெளிப்படை. அரபியிலிருந்து வந்த 'கிடாபு' என்னும் சொல்லின் முதலெழுத்தை முன்னொட்டு எனக் கொண்டு, புத்தகங்கள் என்பதற்கு 'விடாபு' என்று பன்மை செய்துகொண்டது சுவாஹிலி. லுகாண்டாவிலும் அவ்வாறே 'எகிடாபோ', 'எபிடாபோ'. தெற்கத்திப் பிள்ளை இதனைக் கேட்டதும் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொள்ளும். வடக்கே அச்சோலி மொழி பேசும் பிள்ளைக்கோ இது முற்றிலும் புதிது. அம்மொழி வேறு குடும்பத்தது. ஒரே வகுப்பு, ஒரே புத்தகம், ஆனால் இருவேறு வழியில் கற்பிக்க வேண்டிய பிள்ளைகள். பெங்களூர் வகுப்பறையிலும் தமிழ், தெலுங்குப் பிள்ளைகள் ஒருபுறம், உருது, இந்தி, வங்கப் பிள்ளைகள் ஒருபுறம். எல்லோரையும் 'கன்னடம் அறியாதார்' என்று ஒரே பெயரால் அழைத்து ஒரே பாடத்தைத் தருவது இரு சாராருக்கும் தீங்கு.

வீட்டில் தமிழ் பேசியோர் கன்னடத்தில் சிறக்க இயலாது என்பார்க்கு விடையாக ஒரு பெயர் சொன்னாலே போதும். மாஸ்தி வேங்கடேச ஐயங்கார் 1891-இல் கோலார் மாவட்டத்துத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். மைசூர் அரசில் உயர் அலுவல் பார்த்துக்கொண்டே எழுதியவர். கோப்புகளிடையே வாழும் எம்போன்றார்க்கு அவர்மீது தனி மதிப்பு உண்டு. கன்னடச் சிறுகதையின் தந்தை என்று கன்னடரே அவரைப் போற்றுவர். 'சிக்கவீர ராஜேந்திரன்' என்னும் புதினத்துக்காக 1983-ஆம் ஆண்டின் ஞானபீடப் பரிசு அவருக்குக் கிடைத்தது. மேல்கோட்டையின் பு. தி. நரசிம்மாச்சாரும், கன்னடக் குழந்தைகள் மழலையிலேயே பாடும் பாடல்களை எழுதிய ஜி. பி. ராஜரத்தினமும் தமிழ் வீட்டினரே. மைசூரில் வளர்ந்த ஏ. கே. இராமானுசனின் வீட்டில் கீழ்த்தளத்தில் தமிழ், மாடியில் தந்தையாரின் படிப்பறையில் ஆங்கிலம், தெருவில் கன்னடம். அவர் சங்கப் பாடல்களையும் கன்னட வசனங்களையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார், கன்னடத்திலேயே கவிதையும் எழுதினார். இவர்களுள் எவரும் கன்னடம் கற்றதனால் தமிழை இழந்தாரில்லை.

1991-இல் நிறுவப்பட்டுப் பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்த அல்சூர்த் திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டதையும், அதே வாரத்தில் சென்னையில் கன்னடக் கவி சர்வஞ்ஞர் சிலை திறக்கப்பட்டதையும் பலர் நேரில் கண்டிருப்பீர்கள். 2015-இல் கருநாடகம் கன்னட மொழி கற்றல் சட்டத்தை இயற்றியது. முதல் வகுப்பில் தொடங்கி, கன்னடத்தை முதல் அல்லது இரண்டாம் மொழியாக ஆண்டுதோறும் ஒவ்வொரு வகுப்பாக விரிவாக்குவது அதன் ஏற்பாடு. இச்சட்டத்தை நம்மவர் சிலர் முணுமுணுப்புடன் பார்க்கின்றனர். எனக்கு அம்முணுமுணுப்பு இல்லை. முதல் வகுப்பில் தொடங்கும் பிள்ளைக்கு, எட்டாம் வகுப்பில் எனக்கிருந்த திகைப்பு இராது. பதின்மூன்று வயதில் மாற்றலாகி வந்து சேரும் பிள்ளைக்கு யார் துணை என்பதே என் கவலை.

என் மகள் எட்டாம் வகுப்பில் இருக்கிறாள். கன்னடம் எழுதுவாள், தமிழை எழுத்துக்கூட்டியே படிப்பாள். சென்ற கோடை விடுமுறையில் இருவருமாக ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பத்தி கட்டி, ஒருபுறம் தமிழ், மறுபுறம் கன்னடம் என்று சொற்களை எழுதத் தொடங்கினோம். பாலுக்கு எதிரே ஹாலு. அவளுக்குத் தெரிந்த கன்னடத்திலிருந்து தமிழுக்கு அவள் வருகிறாள். நான் சென்ற வழியில் எதிர்த்திசைப் பயணம். இதுவரை முந்நூற்றுக்கு மேற்பட்ட இணைகள் சேர்ந்துள்ளன. ஊர்ப்பெயர்களும் அதில் உண்டு. ஓசூர் என்பது ஹொசூரு, அதாவது புதூர். சங்கத்துக்கு வரும் வழியில் பேருந்துப் பலகையில் 'ஹலசூரு' என்று எழுதியிருந்ததைக் காட்டி, ஹகரத்தைப் பகரமாக்கிச் சொல் என்றேன். சற்று யோசித்து, 'பலசூரு' என்றாள். ஹலசு என்றால் பலா. பலாத் தோப்பால் வந்த பெயர் என்பது ஊரார் கூற்று. நாம் இருநூறு ஆண்டுகளாக அல்சூர் என்று பொருளறியாமல் வழங்கிவருகிறோம். அன்று வீடு திரும்பியதும் முந்நூற்றிருபத்தோராவது வரிசையாக அதனை அவளே எழுதினாள், இருபுறமும் பிழையின்றி.